கஸ்பார் முதலாளியின் அசனம்

கடலிலிருந்து உயிரோடு திரும்பிய புருஷனுக்கு மரியசெல்வி முதன்முதலாகச் சோறு வைத்த அன்று, அவன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த மனுஷன், கூச்சமாக இருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. கிறிஸ்மஸ் வந்தது. அன்றும் வில்பிரட் அடுப்புப் புகைக்குள் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

ஒருநாள் மத்தியானம் அவர்கள் மகள் பிளாரன்ஸ், ஐந்து வயதுக்காரி, அப்பா உள்ளே என்னதான் செய்கிறார் என்று கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவன் தலை நிமிர்ந்து அந்தக் கண்ணைக் கண்டான். தட்டு பறந்து வந்து கதவில் மோதியது. பிள்ளை வீறிட்டு அழுதது. அதுவரை மகளை ஒரு சொல் அதட்டி அறியாதவன் அவன். மரியசெல்வி ஓடிவந்து கதவைத் தள்ளியபோது, வில்பிரட் தரையில் மண்டியிட்டு, சிதறிய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மண்ணில் விழுந்ததைக்கூட விடவில்லை. தண்ணீரில் அலசி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அதைத் தின்று முடித்தான்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். அதற்கு முன்னும் கேட்டிருக்கிறாள். அன்றுதான் அவன் சொன்னான்.

யுத்தம் முடிந்த அந்த வருஷம் ஐப்பசியில் கஸ்பார் முதலாளியின் தோணி தூத்துக்குடியிலிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டது. தோணியை நடத்திய தண்டல் தொம்மை நல்ல அனுபவஸ்தர். புறப்படுவதற்கு முன் அவர் முதலாளியிடம் ஒரு மூட்டை அரிசி கூடுதலாகக் கேட்டார். ஐப்பசிக் காற்றை நம்ப முடியாது, வழியில் ஏதாவது ஆனால் ஆளுக்குச் சோறு வேண்டும் என்றார். வில்பிரட் பக்கத்தில்தான் பாய்க்கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி சொன்னது அவன் காதில் விழுந்தது.

"ஒரு ராத்திரி ஓட்டத்துக்கு ஒரு மூட்டையா? கொழும்புல எறங்கித் திங்கட்டும். ரேஷன் காலத்துல கடலுக்குள்ள கொட்ட எங்கிட்ட அரிசி இல்ல தொம்மை."

கொடுத்த சிறு பை அரிசியோடு தோணி புறப்பட்டது.

மறுநாளே புயல். பாய்மரம் முறிந்து விழுந்தது. அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், தூண்டில் கயிறு என்று தளத்தில் இருந்ததையெல்லாம் அலை வாரிக்கொண்டு போயிற்று. தோணி தன் போக்கில் மிதந்தது. மழைத் தண்ணீரைக் கிழிந்த பாயில் பிடித்துக் குடித்தார்கள். அரிசியைச் சிரட்டையால் அளந்து, ஊறவைத்து, பச்சையாக மென்றார்கள். சிரட்டை பாதியாயிற்று, பாதி ஒரு பிடியாயிற்று. காய்ச்சல் கண்டவர்கள் முதலில் போனார்கள். ஒரு கட்டத்தில் தண்டல், சுக்கானைப் பிடித்திருந்த வில்பிரட், பக்கத்துத் தெரு ரோச், இன்னும் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். பையில் ஒரே ஒரு கைப்பிடி அரிசி.

"தண்டல் எங்கிட்ட நீட்டுனாரு," என்றான் வில்பிரட், சுவரைப் பார்த்தபடியே. "சுக்கான் பிடிக்கவன் திங்கட்டும், அவன் கை தளந்தா தோணி அலைக்குக் குறுக்க விழுந்து எல்லாரும் போவோம்னாரு. நாயந்தான். யாரும் ஒண்ணும் சொல்லல. நான் வாங்கித் தின்னேன். அவுக பாத்துக்கிட்டே இருந்தாவ. என் வாயி அசையிறத. தொண்டை எறங்குறத. ரோச் பய எனக்கு நேர் எதுத்தாப்ல இருந்தான்."

அப்புறம் அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இலங்கைக் கரையில் கற்பிட்டிப் பக்கத்து மீன்காரர்கள் தோணியைக் கண்டபோது சுக்கானோடு சாய்ந்து கிடந்த ஒரே உயிர் வில்பிரட்.

"இத யாருகிட்டயும் சொல்லாத," என்றான். "முதலாளி சொன்னதையும், நான் தின்னதையும். செத்தவங்கள வச்சு ஊரு பேச வேண்டாம்."

அவள் சரி என்றாள்.

ஆனால் ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தது. கிணற்றடியில் மரியசெல்வி வாளி இறக்கும்போது பேச்சு நிற்கும். அவள் குடத்தைத் தூக்கி நடந்ததும் மறுபடி தொடங்கும். கடைசியில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏளா, ஒம் புருஷன் இப்பவும் கதவடச்சிக்கிட்டுத்தான் திங்கானாமே. எல்லாரும் பசியில செத்துப்போனாவ, இவன் மட்டும் பொழைச்சிருக்கான். அங்கன என்னத்தத் தின்னான்னு நீ கேட்டியா?"

கேட்டவள் என்ன நினைத்துக் கேட்கிறாள் என்று மரியசெல்விக்குப் புரிந்தது. சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிரம்பிய குடத்தை அந்தப் பொம்பளையின் காலடியில் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் எடுக்காமலே வீட்டுக்கு வந்தாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்திருந்தால் நான்கு வார்த்தையில் முடிந்திருக்கும். கொடுத்த வாக்கு வாயைக் கட்டியது.

மாசி பிறந்ததும் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தான். நாற்பது நாள் கறி விலக்கும் தவசுக் காலம் தொடங்குமுன், கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியில் அசனம் வைக்கிறார், ஊருக்கெல்லாம் ஆட்டுக்கறிச் சோறு. மரம் முறிந்துபோன தோணியைக் கற்பிட்டியிலிருந்து இழுத்து வந்து, புது மரம் நட்டு, புதுப் பாய் கட்டி வைத்திருந்தார் கஸ்பார். தோணி தப்பி வந்ததற்காகச் சந்தியாகப்பருக்கு அவர் நேர்ந்துகொண்ட அசனம் அது. முதல் பந்தியில் முதல் இலை வில்பிரட்டுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் வரல," என்றான் வில்பிரட்.

"போவலன்னா இன்னும் பேசுவாவ," என்றாள் மரியசெல்வி. "போயித் தலையக் காட்டிட்டு வந்துருவோம். சாப்பிடாண்டாம். வயிறு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

அவன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சட்டையை மாட்டினான்.

குருசடிக்கு முன்னால் மணலில் பந்தல் போட்டிருந்தது. அண்டாக்களில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. ரேஷன் கடையில் கால்கடுக்க நின்று, கல்லும் உமியுமாக அளந்து போட்ட அரிசியை வாங்கித் தின்று பழகிய ஜனம், வெள்ளை வெளேரென்று ஆவி பறந்த அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே நின்றது. பந்தலுக்குப் பின்னால் பிரிக்காத மூட்டைகள் இன்னும் அடுக்கிக் கிடந்தன. மரியசெல்வி அவற்றைப் பார்த்தாள். நெல்லாகவும் அரிசியாகவும் இத்தனை மூட்டை இந்த ஆளிடம் இருந்திருக்கிறது.

பங்குச் சாமியார் வந்து அண்டாக்களை மந்திரித்து ஆசீர்வதித்தார். கஸ்பார் முதலாளி கைகூப்பி நின்றார். கண் கலங்கித்தான் இருந்தார், நடிப்பு இல்லை. "என் தோணி கடலுக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு. எல்லாம் சந்தியாகப்பர் செயல்," என்றார். பிறகு வில்பிரட்டைத் தோளைத் தொட்டு அழைத்துப்போய் முதல் இலையில் உட்காரவைத்தார். "இந்தா, என் தோணிய விடாமப் பிடிச்சிருந்தவன். சந்தியாகப்பர் காத்த வயிறு இது. இவன் முதல் கவளம் எடுக்காம யாரும் கை வைக்கப்படாது."

தாமே கரண்டி பிடித்துச் சோறும் குழம்பும் வைத்தார். ஜனம் எழும்பி எழும்பிப் பார்த்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள்.

வில்பிரட் சோற்றில் கை வைத்தான். கை அப்படியே இருந்தது.

"சாப்புடு வில்பிரட்," என்றார் முதலாளி.

அவன் கவளத்தை எடுத்தான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை கொட்டியது. வாயில் போட்டான். மெல்லத் தொடங்கினான். மென்றுகொண்டே கண்ணைத் தூக்கியவன், எதிரே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டான். அடுத்த நொடி குனிந்து இலையிலேயே ஓங்கரித்தான்.

ஜனம் பின்வாங்கியது. முதலாளியின் முகம் கறுத்தது. "சந்தியாகப்பர் சோறுல. என்ன கொறை இதுல?" என்றார். "எம்புட்டுச் செலவு பண்ணி வச்சது. ஊரு முன்னால இப்படியா அசிங்கம் பண்ணுவ?"

கூட்டத்தில் எவனோ பாதிச் சிரிப்போடு சொன்னான்: "நாக்குல வேற ருசி ஏறிப்போச்சு மொதலாளி. ஆட்டுக்கறி எங்க எறங்கும்?"

சிலர் சிரித்தார்கள். வில்பிரட் தலையைத் தூக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மரியசெல்வி எழுந்து வந்தாள். எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இலைகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"மொதலாளி, பின்னால கெடக்குத மூட்டையெல்லாம் ஒங்க அரிசிதான?"

"ஏளா, அந்தப் பக்கம் போ. ஆம்பளைய இருக்குத எடத்துல என்ன பேச்சு," என்று ஒருவர் கையை ஆட்டினார்.

"எனக்குப் பதிலு மொதலாளிதான் சொல்லணும்," என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது. "ஐப்பசியில தண்டல் தொம்மை ஒரு மூட்டை அரிசி கூடக் கேட்டாரு. காத்து சரியில்ல, ஆளுக்குச் சோறு வேணும்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னிய? கொழும்புல எறங்கித் திங்கட்டும், கடல்ல கொட்ட எங்கிட்ட அரிசி இல்லன்னு சொன்னிய. இல்லன்னு சொல்லுங்க பாப்போம், இந்தக் குருசடி முன்னால."

கஸ்பார் வாயைத் திறந்தார். சாமியாரைப் பார்த்தார். சாமியார் தரையைப் பார்த்தார்.

"தோணி தப்பி வந்துச்சுன்னு ஊருக்குச் சோறு போடுதிய. ஆளுவ தப்பி வரலியே, அதுக்கு என்ன போட்டிய?" என்றாள். பிறகு ஜனத்தின் பக்கம் திரும்பினாள். அடக்கி வைத்திருந்த மாதங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. "எம் புருஷன் என்னத்தத் தின்னாருன்னு தெரியணுமா? சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கடைசிப் பிடி அரிசியத் தின்னாரு. தண்டல் குடுத்தாரு, சுக்கான் பிடிக்கவன் திங்கணும்னு. மிச்சம் இருந்தவங்க பசியோட பாத்துக்கிட்டு இருந்தாவ. அவுக பாக்கப் பாக்கத் தின்னாரு. அதான் ஆளு பாத்தா அவருக்குத் தொண்டையில எறங்கல. இப்ப சிரிங்க."

வில்பிரட் எழுந்தான். வாயைத் துடைத்தான். மனைவியை ஒரு தரம் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. மணலில் இறங்கிப் போய்விட்டான்.

ஜனம் எல்லாம் இலையை விட்டு எழுந்துவிட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும். எழவில்லை. கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு ஒருவன் கை வைத்தான், அப்புறம் எல்லோரும் தின்றார்கள். வருஷக்கணக்கில் அரைவயிறாக இருந்தவர்களை மரியசெல்வியால் திட்டவும் முடியவில்லை. பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தோணிக்காரர்கள் மட்டும் கொஞ்ச பேர் இலையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள்.

வீட்டில் வில்பிரட் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லாதன்னு சொன்னேன்லா," என்றான்.

"ஒங்களப் பொணந்தின்னின்னு சொன்னான். கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா?"

"சொல்லிட்டுப் போறான். அது பொய்யி. பொய்யி என்னைய ஒண்ணும் செய்யாது. நீ சொன்னது நெசம்லா." அவள் முகத்தைப் பார்த்தான். "அமலோற்பவம் சித்தி அங்கன நின்னாவ. தம் மவன் பட்டினியோட என் வாயப் பாத்துக்கிட்டிருந்தான்னு பெத்தவ பந்தியில நின்னா கேக்கணும்?"

மரியசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ரோச்சின் அம்மா அமலோற்பவம். கருவாடு விற்றுப் பிள்ளையை வளர்த்த விதவை. ரோச் ஒரே மகன். கோபத்தில் அவளை நினைக்கவே இல்லை. தான் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை என்றும் தோன்றியது, அந்தச் சொற்களை விழுங்கிவிட முடிந்தால் விழுங்கிவிடலாம் என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில் அமலோற்பவமே வந்தாள். கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து வில்பிரட்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மரியசெல்வி, "மாமி, நான்..." என்று ஆரம்பித்தாள். அமலோற்பவம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஏலே வில்பிரட். ரோச் பாத்துக்கிட்டா இருந்தான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா சித்தி."

"கேட்டானா?"

"கேக்கல. கண்ண மட்டும் எடுக்கல. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எடுக்கல."

அமலோற்பவம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பு முழுவதும் குலுங்கியது. மரியசெல்வி பக்கத்தில் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவன் சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான். எவன் தின்னாலும் வாயப் பாப்பான். எத்தனை அடிச்சிருக்கேன், அடுத்தவன் திங்கதப் பாக்காதல, வயித்துவலி வந்துரும்னு. சொன்னாக் கேக்க மாட்டான். தன் வயிறு நெறைஞ்சிருந்தாலும் பாப்பான். கல்யாண வீட்டுல எனக்கு மானம் போவும்."

வில்பிரட் மெல்ல நிமிர்ந்தான். "தோணியிலயும் அப்படித்தான் சித்தி. முதல்லயே. முந்தின ஓட்டங்கள்லயே. தண்டல் திட்டுவாரு."

"திட்டுவாரா?"

"அடுத்தவன் தட்டுல மீன் முள்ளை எண்ணுதியாலன்னு கேப்பாரு."

அமலோற்பவம் சிரித்தாளா அழுதாளா என்று மரியசெல்விக்குத் தெரியவில்லை. அந்தக் காலை முழுவதும் அவள் அங்கேயே உட்கார்ந்து மகனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக என்ன சட்டை போட்டிருந்தான், காய்ச்சல் இருந்ததா, யார் பெயரையாவது சொன்னானா. வில்பிரட் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மன்னித்தேன் என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும் சொன்னாள்: "அரிசி குடுக்காதவன் பந்தியில கரண்டி பிடிச்சி நிக்கான். நீ ஏம்ல தலை குனியித?"

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். ஒருநாள் மத்தியானம் அவள் இருக்கும்போதே வில்பிரட் தட்டைக் கையில் எடுத்தவன், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டான். அமலோற்பவம் வேறு பக்கம் திரும்பவில்லை. அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டேதான் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசினாள். மரியசெல்வி அடுப்படியில் நின்று அதைக் கண்டாள். நெஞ்சு நிறையத்தான் செய்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. பெண்டாட்டி பார்த்தால் இறங்காத சோறு, பெற்ற மகளைக் கண்டால் பறக்கும் தட்டு, இந்த அம்மாள் முன்னால் மட்டும் இறங்குகிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மரியசெல்வி முன்னால் அவன் சாப்பிட இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விருந்து வீடுகளில் அவன் கடைசிவரை சாப்பிட்டதே இல்லை.

கடலுக்கும் அவன் மறுபடி போகவில்லை. உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

புது மரம் நட்ட தோணி பங்குனியில் புறப்பட ஆயத்தமானது. சரக்கு ஏறிவிட்டது, காற்றும் வாகாக இருந்தது. புதிய தண்டலும் தோணிக்காரர்களும் சரக்கு ஏற்றும் துறைப் பாலத்தில் நின்றார்களே தவிர ஏறவில்லை. முதலாளி வந்து என்னவென்று கேட்டார்.

"வழிக்கு ஒரு மூட்டை அரிசி கூட வேணும் மொதலாளி," என்றார் தண்டல்.

"ஒரு ராத்திரி ஓட்டத்துக்கா?"

தண்டல் பாலத்திலேயே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அசனத்தன்று இலையை மடித்துவிட்டு வெளியே போனவர்கள். அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கஸ்பார் கத்தினார். வேறு ஆள் பிடிப்பேன் என்றார். துறைமுகம் முழுக்க ஆள் அனுப்பிப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அவர் வீட்டு வண்டியில் அரிசி மூட்டை வந்து இறங்கியது. அது தோணியில் ஏறிய பிறகு ஆட்கள் ஏறினார்கள்.

அடுத்த வாரமே கிணற்றடியில் பேச்சு மாறியிருந்தது. புயலில் ஆட்கள் பட்ட பாட்டைக் கண்டு மனசு பொறுக்காமல் முதலாளி தாமாகவே மூட்டை ஏற்றச் சொன்னாராம். சாமியார்கூடக் கோவிலில் அதைப் பாராட்டிச் சொன்னாராம்.

"என்ன நல்ல மனசு பாரு," என்றாள், முன்பு மரியசெல்வியிடம் கேள்வி கேட்ட அதே பொம்பளை.

மரியசெல்வி வாளியை மேலே இழுத்தாள். "நல்ல மனசு ஐப்பசியில எங்கன போயிருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் பொம்பளை குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் தெருமுனையைத் திரும்பும்வரை மரியசெல்வி அங்கேயே நின்றிருந்தாள்.